யோஹான் வான் டெர் கேகன்: ஃபிரேமை நம்பாத புகைப்படக்காரர்

கேள்வி இதுதான்: புகைப்படத்தில் தொடங்கி ஆவணப்படத்துக்குப் போனவர்கள் நிறைய. ஆனால் இரண்டையும் கடைசிவரை விடாமல், அதுவும் பரிசோதனை முயற்சியாகவே செய்து, அதை வைத்தே பிழைத்தவர் யாராவது உண்டா? எப்படிச் சமாளித்தார்? அவருடைய வேலையை எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

உண்டு. நெதர்லாந்துக்காரர் யோஹான் வான் டெர் கேகன். இந்தக் கேள்விக்குப் பலரும் முதலில் சொல்லும் பெயர்கள் வேறு. ராபர்ட் ஃபிராங்க், வில்லியம் க்ளைன், அன்யெஸ் வர்தா என்று போகும். ஃபிராங்க் தன் அமெரிக்கப் பயணப் புத்தகம் வந்த கையோடு ஸ்டில் கேமராவை ஓரமாக வைத்துவிட்டுப் படம் எடுக்கப் போனவர். பல வருடம் கழித்துத்தான் திரும்பினார். க்ளைன் கதையும் கிட்டத்தட்ட அதுவே. வர்தா நாடக அரங்கப் புகைப்படக்காரராக இருந்து சினிமாவுக்குக் குடிபெயர்ந்தவர். கேகன் மட்டும் இரண்டு வீட்டுக்கும் வாடகை கட்டிக்கொண்டே இருந்தார். அவர் படங்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதற்குக் காரணமும் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1938 ஏப்ரல் 4 அன்று ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் தாத்தா புகைப்படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தார். பதினேழு வயதில், 1955-இல், ‘எங்களுக்கு வயது 17’ என்ற முதல் புத்தகம் வெளிவந்துவிட்டது. பள்ளி நண்பர்கள்தான் அதில் இருப்பவர்கள். பெரும்பாலும் வீட்டுக்குள், ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படங்கள். ஒருத்தி வெளியே வெறித்துப் பார்க்கிறாள், ஒருவன் சிகரெட்டோடு எதையோ யோசிக்கிறான், யாரும் சிரிப்பதாகத் தெரியவில்லை. போர் முடிந்து பத்து வருடம்தான் ஆகியிருந்தது. இளைஞர்கள் உற்சாகமாக நாட்டைக் கட்டியெழுப்புகிறார்கள் என்று நம்ப விரும்பிய பெரியவர்களுக்கு இந்தச் சோர்ந்த முகங்கள் பிடிக்கவில்லை. அதனால் பேச்சு எழுந்தது, பையனுக்குப் பெயரும் கிடைத்தது. இரண்டு வருடத்தில் அடுத்த புத்தகம், ‘கண்ணாடிக்குப் பின்னால்’. கவிஞர் ரெம்கோ காம்பெர்ட் அதற்கு எழுதினார். இரண்டு பெண்கள், ஜன்னல் கண்ணாடி, அதில் விழும் பிரதிபலிப்பு, அவ்வளவுதான் விஷயம். இந்தப் பையனுக்கு முகத்தைவிட, முகத்துக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் கண்ணாடிமேல்தான் கண் என்பது அப்போதே தெரிகிறது.

1956-இல் உதவித்தொகை கிடைத்து பாரிஸில் இருந்த ஐடெக் என்ற திரைப்படக் கல்லூரிக்குப் போனார். இரண்டு வருடம். சினிமாவைத் துறை துறையாகப் பிரித்துக் கற்பிக்கும் பள்ளி அது. கேகனோ ஸ்டில் கேமராவோடு தெருவில் நடந்துகொண்டிருந்தார். அந்தப் படங்கள் ‘மரணிக்கும் பாரிஸ்’ என்று 1963-இல் புத்தகமாயின. க்ளைனின் நியூயார்க் புத்தகம் இவர் பாரிஸுக்குப் போன 1956-இல்தான் வந்திருந்தது. அதன் கலங்கிய, புள்ளி புள்ளியாகத் தெறிக்கும் அச்சும் பக்கம் முழுக்க ரத்தமும் சதையுமாய்க் கொட்டும் விதமும் இவரை நன்றாகவே தாக்கியிருந்தன. கூடப் படித்த அமெரிக்கர் ஜேம்ஸ் ப்ளூவோடு சேர்ந்து பாரிஸின் விடியற்காலை பற்றி ஒரு குறும்படமும் எடுத்தார். சினிமா படிக்கப் போன இடத்தில் புகைப்படக்காரராக முதிர்ந்து திரும்பினார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். கேகனின் எந்தப் படத்தைப் போட்டாலும் ஒன்று கண்ணில் படும். ஒருவர் பேசிக்கொண்டிருப்பார், கேமரா அவர் முகத்தில் இருக்கும். திடீரென்று கேமரா கொஞ்சம் இடப்பக்கம் நகரும். அங்கே ஒன்றுமில்லை, வெறும் சுவர், அல்லது ஒரு கதவின் பாதி. மறுபடி முகத்துக்கு வரும். கொஞ்ச நேரம் கழித்து வலப்பக்கம் ஒரு நகர்வு, பிறகு திரும்பல். முதல் தடவை பார்ப்பவருக்கு ஒளிப்பதிவாளர் தடுமாறிவிட்டார் என்று தோன்றும். மூன்றாம் தடவை நடக்கும்போது வேண்டுமென்றே செய்கிறார் என்று புரியும். பிரெஞ்சு விமர்சகர்கள் இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ‘காயே து சினேமா’ பத்திரிகையில் விமர்சகர் செர்ஜ் தானே (Serge Daney) இவரை முக்கியமானவராக எடுத்துப் பேசியதில் இந்த நகர்வுக்கும் பங்கு உண்டு.

அவர்கள் சொல்லும் கோட்பாடு ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு இது ஒரு புகைப்படக்காரனின் பழக்கமாகத்தான் படுகிறது. ஃபிலிமில் ஸ்டில் எடுத்தவர்களுக்குக் காண்டாக்ட் ஷீட் தெரியும்: ஒரு ரோலில் எடுத்த எல்லாப் படங்களையும் சின்னதாக ஒரே தாளில் அச்சிட்டுப் பார்ப்பது. ஒரே ஆளை, ஒரே நிமிடத்தில், ஒரு அடி இப்படி, ஒரு அடி அப்படி நகர்ந்து ஆறேழு எடுத்திருப்போம். அப்புறம் சிவப்புப் பென்சிலால் ஒன்றைச் சுற்றிவிட்டு மற்றதை மறந்துவிடுவோம். பார்ப்பவருக்கு அந்த ஒன்றுதான் உண்மை. கேகன் சினிமாவில் அந்தச் சிவப்புப் பென்சிலை எடுக்கவே இல்லை. நான் இங்கே ஃபிரேம் வைத்தேன், இப்படியும் வைத்திருக்கலாம், இரண்டையும் பார்த்துக்கொள் என்கிறார். சட்டகத்துக்கு வெளியே உலகம் இருக்கிறது, நான் வெட்டியது இவ்வளவுதான் என்று ஷாட் நடந்துகொண்டிருக்கும்போதே சொல்லிவிடுகிறார். அவர் படங்களின் பரிசோதனை என்று எதையாவது சுட்டிக்காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன். விசித்திரமான வெட்டுகளும் அதிரும் இசையும் உண்டுதான், அவையெல்லாம் இதற்கு அடுத்தபடி.

இரண்டு கலைக்கும் நடுவில் இருக்கும் வேறுபாட்டை அவரே 1974-இல் ‘படக்காரரின் விடுமுறை’ என்ற குறும்படத்தில் பேசுகிறார். தென் பிரான்சின் ஒரு கிராமத்தில் குடும்பத்தோடு விடுமுறை. மனைவி, பிள்ளைகள், ஊரில் மிச்சமிருக்கும் வயதானவர்கள், இறந்துபோனவர்களைப் பற்றிய பேச்சு. புகைப்படம் என்பது நினைவு, சினிமாவுக்கு நினைவு கிடையாது, அது எப்போதும் இப்போதுதான் நடக்கிறது என்ற பொருளில் அதில் சொல்கிறார். கேட்க எளிமையாக இருக்கும். ஆனால் இறந்தவரின் புகைப்படத்தைக் கையில் வைத்திருக்கும்போது அது ‘இருந்தார்’ என்கிறது. அவர் நடந்துபோகும் ஷாட்டைத் திரையில் போட்டால் அவர் இப்போது நடந்துபோகிறார். இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் கடைசிவரை நிம்மதியில்லாமல் இருந்தார். படத்துக்குள் ஸ்டில்லை நுழைப்பார். புகைப்படத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பல பதிவுகளை ஏற்றி, வரிசையாக அடுக்கி, அதைச் சினிமாபோல நகரவைக்கப் பார்ப்பார்.

சரி, தொழில் எப்படி நடந்தது? அறுபதுகளில் நெதர்லாந்துத் தொலைக்காட்சி ஒரு விநோதமான அமைப்பு. ஒளிபரப்பு நேரம் கத்தோலிக்கர், சீர்திருத்தக் கிறித்தவர், சோஷலிஸ்டுகள் என்று ஆளுக்கொரு சங்கத்துக்குப் பங்கு பிரிக்கப்பட்டிருந்தது. அவற்றில் சின்னதாக இருந்த ஒன்று வி.பி.ஆர்.ஓ. தாராளவாதப் புராட்டஸ்டண்டுகள் 1926-இல் ஆரம்பித்தது. அறுபதுகளின் கடைசியில் அது மதத்தைக் கழற்றி வைத்துவிட்டு நாட்டிலேயே துணிச்சலான நிலையமாக மாறியது. கேகனின் பல படங்களுக்கு அங்கிருந்துதான் பணம் வந்தது. பெரிய தொகை அல்ல. ஆனால் தொடர்ந்து வந்தது. ‘இதை யார் பார்ப்பார்கள்’ என்று கேட்காமல் வந்தது.

அவரும் செலவைச் சிறியதாக வைத்துக்கொண்டார். இயக்கம், கேமரா இரண்டும் அவரே. பிற்காலத்தில் ஒலிப்பதிவு அவர் மனைவி நோஷ்கா வான் டெர் லேலி. இரண்டு பேர் விமானம் ஏறினால் பாதிப் படக்குழு ஏறிவிட்டது என்று அர்த்தம். எழுபதுகளில் ‘ஸ்க்ரீன்’ என்ற டச்சு சினிமாப் பத்திரிகையில் அவர் எழுதத் தொடங்கிய பத்தியின் தலைப்பு, ‘ஒரு சிறிய சுயதொழில்காரரின் உலகிலிருந்து’. தச்சுப்பட்டறை, மளிகைக்கடை வைத்திருப்பவரைச் சொல்லும் சொல் அது. கலைஞன் என்று நெஞ்சை நிமிர்த்தாமல் தன்னைக் கடைக்காரராகவே பார்த்தார். நீங்கள் கேட்ட ‘எப்படிச் சமாளித்தார்’ என்பதற்கு அந்தத் தலைப்பிலேயே பாதிப் பதில் இருக்கிறது. மீதிப் பாதி, அப்படி ஒரு தொலைக்காட்சி நிலையம் இருந்த நாட்டில், அப்படி ஒரு காலத்தில் அவர் இருந்தார் என்பது. திறமையும் உழைப்பும் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

தொலைக்காட்சிக்காக எடுத்தவற்றில் முதலில் பெயர் வாங்கித் தந்தது ‘பார்வையற்ற குழந்தை’ (1964). கண் தெரியாத பிள்ளைகள் படிக்கும் பள்ளி. இருபத்தைந்து நிமிடம் போல ஓடும். பிள்ளைகள் பொருள்களைத் தடவித் தெரிந்துகொள்வதை மிக அருகிலிருந்து பார்க்கிறது கேமரா. பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன், பார்க்க முடியாதவர்களைப் பார்க்கிறான். அவர்களால் திருப்பிப் பார்க்க முடியாது. இது கேகனை உறுத்தியிருக்க வேண்டும், ஏனென்றால் இரண்டு வருடத்தில் திரும்பிப் போய், அந்தப் பிள்ளைகளில் ஒருவனை மட்டும் வைத்து ‘ஹெர்மன் ஸ்லோபே’ (1966) எடுத்தார்.

ஹெர்மனுக்கு அப்போது பதின்பருவம். முரட்டுத்தனம், கிண்டல், வானொலி ஆசை. இந்தத் தடவை மைக் அவன் கைக்குப் போகிறது. வாயாலேயே கார் பந்தயம் நடத்துகிறான்: என்ஜின் உறுமுவது, வளைவில் டயர் கிறீச்சிடுவது, நடுவே வர்ணனையாளர் குரல், எல்லாம் ஒரே வாயிலிருந்து. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பரிதாபப்பட நமக்கு இடமே கிடைப்பதில்லை. படத்துக்குள் வேலை செய்கிறவனாக அவன் ஆகிவிடுகிறான், கிட்டத்தட்ட ஒலிப்பொறியாளன். அப்புறம் வருகிறது அந்த முடிவு. கேகனின் குரல், படத்தில் எல்லாமே ஒரு வடிவம்தான், ஹெர்மனும் ஒரு வடிவம் என்று சொல்லி, அந்த வடிவத்துக்குப் பிரியமாக விடை கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது. அரை மணிநேரம் ஒரு பையனோடு பழகிவிட்டு அவனை ‘வடிவம்’ என்பதா? கொடூரமாகக் கேட்கும். எனக்கு அது நாணயமாகவே படுகிறது. படம் முடிந்ததும் உன் வாழ்க்கை உன்னுடையது, நான் எடுத்துப்போவது ஒளியும் ஒலியும் மட்டும் என்கிறார். ‘இவனுடைய கதையை உங்களுக்குச் சொல்லிவிட்டேன்’ என்று மார்தட்டும் ஆவணப்படங்களைவிட இது எவ்வளவோ மேல்.

1967-இல் அமெரிக்க ஜாஸ் கலைஞர் பென் வெப்ஸ்டரைப் பற்றி ஒரு படம். அப்போது அவர் ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்துகொண்டிருந்தார். பேட்டி எடுத்து வரலாறு சொல்லும் வேலையே இல்லை. பெரிய உடம்பு, சமையல், பில்லியர்ட்ஸ், சாக்ஸபோன் செய்யும் தொழிற்சாலை, ஊதும் வாய். ஜாஸ் கேகனுக்குப் படத்தின் விஷயமாக மட்டும் நிற்கவில்லை. வில்லெம் ப்ரூக்கர் என்ற டச்சு இசைக்காரர் அந்தக் காலத்திலிருந்து பல படங்களுக்கு இசையமைத்தார். கேகன் தோளில் கேமராவோடு நகர்வதையும் வாத்தியக்காரர் மேடையில் அந்த நொடிக்குத் தோன்றியதை வாசிப்பதையும் ஒன்றாகவே பேசுவார். படம் எடுப்பது அவருக்கு முதலில் உடம்பு வேலை.

எழுபதுகளின் தொடக்கத்தில் வந்தது வடக்கு–தெற்கு மூன்று படங்கள்: ‘நாட்குறிப்பு’ (1972), ‘வெள்ளைக் கோட்டை’ (1973), ‘புதிய பனிக்காலம்’ (1974). பணக்கார நாடுகளும் ஏழை நாடுகளும் ஒன்றோடொன்று எப்படிக் கட்டுண்டு கிடக்கின்றன என்பதுதான் மூன்றுக்கும் பொருள். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட படங்கள் எக்கச்சக்கம்; பெரும்பாலானவற்றில் ஒரு குரல் வந்து புள்ளிவிவரம் வாசிக்கும். கேகன் குரலைக் குறைத்துவிட்டு வெட்டால் பேசினார். ‘புதிய பனிக்கால’த்தில் வட நெதர்லாந்தில் ஒரு ஐஸ்கிரீம் தொழிற்சாலை வருகிறது. அங்கே வேலை செய்யும், காது சரியாகக் கேட்காத, ஒரே குடும்பத்து உடன்பிறந்தவர்கள். இன்னொரு பக்கம் பெரு நாட்டின் ஏழை மக்கள். தொழிற்சாலையில் இயந்திரம் இரைகிறது, அவர்களுக்குக் கேட்பதில்லை, பேசுவது வெளியே வரத் திணறுகிறது. அங்கிருந்து ஒரே வெட்டில் பெருவின் மண் தெரு. வடக்கில் இருப்பவனும் சுகமாக இல்லை, அவனுக்கும் வாயடைத்துத்தான் கிடக்கிறது என்பது நமக்கே உறைக்கிறது. யாரும் சொல்லித்தரவில்லை.

‘வெள்ளைக் கோட்டை’ ஸ்பெயினின் ஃபொர்மெந்தேரா தீவையும், அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரத்து ஏழைக் குடியிருப்பையும், நெதர்லாந்துத் தொழிற்சாலைகளையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறது. மூன்றில் இதுதான் பலமானது என்பது என் கட்சி. கடினமானதும் இதுதான். ஒரே காட்சி திரும்பத் திரும்ப வரும். எந்த ஊர் என்று எழுத்துப் போடமாட்டார். நடுவில் தூக்கம் வந்தாலும் தப்பில்லை, எழுந்து பார்க்கும்போது அதே பொருள் வேறு ஊரில் இருக்கும்.

இதற்கு நேரெதிராக, எளிதில் பிடித்துப்போவது ‘தட்டைக் காடு’ (1978). வாடன் கடல் என்று நெதர்லாந்தின் வட கரையில் கடல் வற்றும்போது கிலோமீட்டர் கணக்கில் சேறு தெரியும் இடம் இருக்கிறது. அதைக் காக்கப் போராடிய சங்கம் கேட்டு எடுத்த படம். புழு, நண்டு, சிப்பி என்று ஆரம்பித்து, தூண்டிலுக்குப் புழு தோண்டி விற்பவர்கள், மீனவர்கள், தொழிற்சாலை, அணு உலை எதிர்ப்பு என்று ஏறிக்கொண்டே போகிறது. அமைப்பு கேட்டு எடுக்கும் படம் என்றால் பிரச்சாரமாகத்தான் முடியவேண்டும் என்று இல்லை என்பதற்கு இதைக் காட்டலாம். சேற்றில் குனிந்து தோண்டும் மனிதனின் முதுகும் சேற்றுக்குள் நெளியும் புழுவும் ஒரே கவனத்தோடு பதிவாகியிருக்கின்றன.

எண்பதுகளில் பயணங்கள் நீண்டன. ‘தெற்கு நோக்கிய வழி’ (1981) ஆம்ஸ்டர்டாமில் வீடில்லாதவர்கள் காலிக் கட்டடங்களைக் கைப்பற்றிய கலவர நாட்களில், 1980 ஏப்ரல் 30 அரசி முடிசூடிய நாளையொட்டித் தொடங்கி, பாரிஸ், ரோம் வழியாக கெய்ரோவரை இறங்குகிறது. ‘ஐ லவ் டாலர்’ (1986) ஆம்ஸ்டர்டாம், நியூயார்க், ஹாங்காங், ஜெனீவா என்று பணத்தின் பின்னால் போகிறது. பணத்தை எப்படிப் படம் எடுப்பது? அது திரையில் எண்ணாக ஓடுகிறது, தொலைபேசியில் குரலாகப் போகிறது, பிடிபடுவதில்லை. அந்தத் திண்டாட்டத்தையே படமாக்கினார்.

அதற்கு இரண்டே வருடம் கழித்து வந்ததுதான் நமக்குப் பக்கத்து வீட்டுப் படம்: ‘கிணற்றின் மேல் கண்’ (1988), முழுக்கக் கேரளம். தொடக்கத்தில் ஒரு கதை சொல்லப்படுகிறது. புலி துரத்த ஓடியவன் மரத்தில் ஏறுகிறான், கிளை கிணற்றின்மேல் வளைகிறது, அடியில் பாம்பு, கிளையை எலிகள் கொறிக்கின்றன, அந்த நிலையிலும் ஒரு சொட்டுத் தேனை அவன் நக்குகிறான். மகாபாரதத்தில் ஸ்திரீ பருவத்தில் விதுரன் திருதராஷ்டிரனுக்குச் சொல்லும் கதையின் இன்னொரு வடிவம் இது. அங்கே புலிக்குப் பதில் யானை. கதை முடிந்ததும் படம் வாழ்க்கைக்குள் இறங்குகிறது. பிள்ளைகள் மந்திரம் சொல்லக் கற்கிறார்கள், ஆட்டமும் களரியும் பயில்கிறார்கள். குரு உடம்பைத் தொட்டுத் திருத்துகிறார், மறுபடி செய்யச் சொல்கிறார். இவற்றுக்கு நடுவே, ஊருக்குள் சிறுதொகை கடன் கொடுத்து வீடு வீடாகப் போய் வசூலிக்கும் ஒருவரைக் கேமரா பின்தொடர்கிறது. நோட்டு எண்ணப்படுகிறது, புத்தகத்தில் குறிக்கப்படுகிறது, அடுத்த வீடு.

வெளிநாட்டவர் கேரளத்துக்கு வந்தால் தென்னை, படகு, கதகளி என்று முடித்துக்கொள்வது வழக்கம். இதிலும் அவை இல்லாமல் இல்லை, சில இடங்களில் அழகில் கொஞ்சம் மயங்கித்தான் போயிருக்கிறார். அந்த வசூல்காரர் இல்லையென்றால் இந்தப் படம் சுற்றுலாத் துறைக்குப் பயன்பட்டிருக்கும். நியூயார்க்கில் கைக்கு அகப்படாத பணம் இங்கே அழுக்கு நோட்டாகக் கைமாறுவதைப் பார்க்கத்தான் அவர் வந்தாரோ என்று தோன்றும். இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும்.

‘பித்தளை வாத்தியங்கள்’ பற்றிய 1993 படத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நேபாளம், சூரினாம், இந்தோனேசியா, கானா. ஐரோப்பியர்களின் ராணுவத்தோடும் தேவாலயத்தோடும் வந்துசேர்ந்த டிரம்பெட்டும் டியூபாவும் உள்ளூர்க்காரர் வாயில் என்னவாக மாறின என்பது விஷயம். கல்யாண பேண்டு வாத்தியம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நேபாளப் பகுதி உடனே ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து அவர் வாழ்க்கையின் பெரிய வேலை, ‘ஆம்ஸ்டர்டாம் உலகக் கிராமம்’ (1996). நாலு மணிநேரத்துக்குச் சற்றே அதிகம். ஊரின் கால்வாய்கள் வட்டம் வட்டமாக இருப்பதுபோலப் படமும் சுற்றிச் சுற்றி வருகிறது. மொராக்கோக் குடும்பத்து இளைஞன் ஒருவன் பைக்கில் புகைப்படங்களையும் ஃபிலிம் ரோல்களையும் ஸ்டூடியோக்களுக்கு டெலிவரி செய்கிறான். அவனைத் தொடர்ந்தால் ஊர் முழுக்கப் போகலாம். இதைவிடச் சமயோசிதமான கதைக் கயிறு ஆவணப்படத்தில் அதிகம் பார்த்ததில்லை, புகைப்படக்காரருக்குத்தான் தோன்றும். வழியில் சந்திப்பவர்கள் படத்தை ஊருக்கு வெளியே இழுத்துக்கொண்டு போகிறார்கள். பொலிவியாக்காரர் ஒருவர் மலைக்கிராமத்தில் இருக்கும் தாயைப் பார்க்கப் போகிறார், கேமராவும் போகிறது. செச்னியாக்காரர் ஒருவர் போர் நடக்கும் தன் நாட்டுக்குப் போகிறார், அங்கும் போகிறது. ஒரு யூதப் பெண்மணி, வளர்ந்த மகனைக் கூட்டிக்கொண்டு, நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் தான் வாழ்ந்த வீட்டுப் படியேறுகிறார். பெட்டிச் செய்தியாகத் துண்டு துண்டாகச் சொல்லப்படும் ‘குடியேறியோர் பிரச்சினை’ இந்தப் படத்தில் இல்லவே இல்லை. ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வேறெங்கோ அம்மா இருக்கிறார்.

அதற்கு அடுத்த வருடமே, அதே ஊரில் ‘டோ சாங் போட்டோ ஸ்டூடியோ’ என்று அரை மணிநேரப் படம். சந்தைத் தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சீனக்காரர். தெருவில் கடை வைத்திருப்பவர்களும் அக்கம்பக்கத்தாரும் ஜோடியாக, குடும்பமாக வந்து உட்காருகிறார்கள். அவர் எழுந்துவந்து ஒருவரின் முகவாயைத் தொட்டுக் கொஞ்சம் தூக்குகிறார், தோளைத் திருப்புகிறார், கையை மடியில் வைக்கிறார், போய் லென்ஸில் பார்க்கிறார், திருப்தியில்லை, மறுபடி வருகிறார். ஃபிரேமை வாழ்நாள் முழுக்க அசைத்துக்கொண்டே இருந்த கேகன் இங்கே கேமராவை அடக்கிவைத்து, ஃபிரேமை அசையாமல் நிறுத்தப் பாடுபடும் இன்னொரு தொழில்காரரைப் பார்க்கிறார். தொழில் மரியாதை என்பதைப் படம் பிடித்தால் இப்படித்தான் இருக்கும். அவர் எடுத்த படங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பெரிய படம் இதுவென்று யாரும் சொல்லமாட்டார்கள்.

கடைசி வருடங்கள் கனமானவை. அக்கா யோக்கே புற்றுநோயில் இறப்பதற்குச் சற்று முன் அவரோடு பேசியதை ‘கடைசிச் சொற்கள்’ (1998) என்று வெளியிட்டார். உத்தி எதுவும் கிடையாது. ஒரு பெண் தன் வாழ்க்கையைப் பற்றித் தெளிவாகப் பேசுகிறாள், தம்பி கேட்கிறார். அதே வருடம் அவருக்கே புராஸ்டேட் புற்றுநோய் முற்றியிருப்பது தெரியவந்தது. சில வருடம்தான் என்றார்கள். அவரும் நோஷ்காவும் கிளம்பிவிட்டார்கள்: பூட்டான், நேபாளம், புர்க்கினா ஃபாஸோ, மாலி, பிரேசில், அமெரிக்கா. அந்தப் பயணம்தான் ‘நீண்ட விடுமுறை’ (2000). மருத்துவர்கள், பிட்சுகள், குணப்படுத்துகிறவர்கள், எண்கள் எழுதிய ரத்தப் பரிசோதனை அறிக்கைகள் எல்லாம் அதில் உண்டு. கூடவே ஒரு தொழில் பிரச்சினையும். தோளில் தூக்கும் கேமராவின் எடை இப்போது அதிகமாக இருக்கிறது. சின்ன டிஜிட்டல் கேமராவையும் பயன்படுத்துகிறார். எடை போனதும் கைக்கு எதிர்ப்பு இல்லை, அசைவு மாறிவிடுகிறது. படம் எடுக்க முடியாமல் போனால் நான் செத்தவன்தான் என்பதுபோல அதில் சொல்கிறார். படம் வந்தது, பார்த்தார்கள், 2001 ஜனவரி 7 அன்று ஆம்ஸ்டர்டாமில் இறந்தார். வயது 62. ஐம்பதுக்கு மேற்பட்ட படங்கள் மிச்சம்.

இவ்வளவு பயணத்திலும் ஸ்டில் கேமரா நிற்கவில்லை. தொண்ணூறுகளில் ‘உடலும் நகரமும்’ என்ற பெரிய காட்சியமைப்பை உருவாக்கினார். புகைப்படம், படத் துண்டு, ஒலி எல்லாம் ஒரே கூடத்தில். கவிஞரும் ஓவியருமான லூசெபெர்ட்டைப் பற்றி 1962-இலும் 1967-இலும் இரண்டு படங்கள் எடுத்தவர், 1994-இல் அவர் இறந்ததும் மூன்றாவதை எடுத்து மூன்றையும் ஒரே படமாகச் சேர்த்தார். முப்பது வருடம் ஒரே மனிதரை விடாமல் பார்ப்பது என்பதும் அவருடைய வேலைமுறையில் ஒன்று.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். ‘ஹெர்மன் ஸ்லோபே’யில் தொடங்குங்கள், அரை மணிநேரம்தான், அதில் எல்லாம் இருக்கிறது. பிடித்திருந்தால் ‘படக்காரரின் விடுமுறை’, அப்புறம் ‘டோ சாங்’. இந்த மூன்றும் சேர்ந்து ஒரு சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். வடக்கு–தெற்கு படங்களைக் கொஞ்சம் பழகியபிறகு வைத்துக்கொள்ளுங்கள், முதலிலேயே அதில் கைவைத்தால் ஆள் ஓடிவிடுவார். ‘நீண்ட விடுமுறை’யைக் கடைசியில்தான் பார்க்கவேண்டும். முந்தைய படங்களின் அந்த நகர்வு கண்ணுக்குப் பழகியிருந்தால்தான், இந்தப் படத்தில் கேமரா தோளிலிருந்து உள்ளங்கைக்கு இறங்கும்போது என்ன போனது என்று தெரியும். நீங்கள் புகைப்படம் எடுப்பவர் என்றால், படங்களுக்கு முன்னால் ‘எங்களுக்கு வயது 17’ புத்தகத்தின் பக்கங்களைத் தேடிப் பாருங்கள். நாலு மணிநேர ‘உலகக் கிராமம்’ உங்களைப் பயமுறுத்தினால், இரண்டு இரவாகப் பிரித்துப் பார்க்கலாம். சுற்றிச் சுற்றி வரும் படம் என்பதால் எங்கே நிறுத்தி எங்கே தொடர்ந்தாலும் வழி தவறாது.